தோப்பு ரோட்டு இறக்கமும் என் பத்து விரல்களும்

ராஜபாளையத்தில் இருந்துகொண்டு குளிருக்குப் பயந்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பத்து மாதம் வெயிலில் வெந்து சாகிற ஊரில், மிச்சமிருக்கிற இரண்டு மாத மழைக்கு நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். மழைக்குக்கூட இல்லை. மழையில் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிற என் விரல்களுக்குத்தான் பயந்தேன். என் விரல்கள், பின்னால் கேரியரில் என் மகள், எங்களுக்கு முன்னால் ஒன்றரை கிலோமீட்டர் இறக்கம், அது போய் முட்டுகிற இடத்தில் தென்காசி ரோடு. விரல் பிரேக்கைப் பிடிக்கவில்லை என்றால் பிள்ளை பஸ்ஸுக்கு அடியில். இதை நினைத்துக்கொண்டேதான் இரண்டு மழைக்காலம் காலையில் இட்லி அவித்தேன்.

எங்கள் வீடு ஊருக்கு மேற்கே, அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில் ஒரு மாந்தோப்புக்குள் இருக்கிறது. தோப்பு எங்களுடையது அல்ல. என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து வந்த பிறகு அதைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மும்முனை மின்சாரம் காலையில்தான் வரும். அந்த நேரத்தில் மோட்டாரைப் போட்டு மரத்துக்கு மரம் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். அதனால் காலையில் அவரை அசைக்க முடியாது. அவரிடம் ஒரு மொபெட் இருக்கிறது. அது உரமூட்டைக்கும் மாங்காய்க் கூடைக்கும் என்று ஆகிப்போன வண்டி. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது என் சைக்கிள்தான் என்று முதல் நாளிலேயே பேசி முடித்தாயிற்று.

தோப்பிலிருந்து ஊருக்குப் போகும்போது மிதிக்கவே வேண்டாம். மலைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே ரோடும் இறங்கும். உட்கார்ந்தால் போதும், வண்டி தானாகப் போகும். சாயங்காலம் திரும்பி ஏறும்போதுதான் நாக்குத் தள்ளும். ஆனால் ஏறும்போது நான் பயந்ததே இல்லை. ஏற்றத்தில் கை விட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் வரிசையாக மூன்று புளியமரங்கள் உண்டு. மூன்றாவது மரத்தைத் தாண்டியதும் ரோடு ஒரு வளைவு வளைந்து செங்குத்தாக இறங்கும். அங்கேயிருந்து டீக்கடை வரை பிரேக்கை விடாமல் பிடித்தே போக வேண்டும். டீக்கடைக்கு அடுத்தது தென்காசி ரோடு.

மகள் எட்டாம் வகுப்பு. அவள் அப்பாவைப் போல உயரம். கேரியரில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொட்டுவிடும். "காலை மடக்கு, காலை மடக்கு" என்று கத்திக்கொண்டேதான் ஓட்டுவேன். மழை நாளில் ஷூவைப் பாலிதீன் பையில் சுற்றிப் புத்தகப் பைக்குள் வைத்துவிட்டு ரப்பர் செருப்பில் வருவாள். அந்தச் செருப்புகளை அவள் என்னதான் செய்வாளோ தெரியாது. ஒரு ஜோடி பதினைந்து நாள் தாங்காது. குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்துவிடும். "பள்ளிக்கூடத்துக்குப் போறாளா, களத்துல பொலி மிதிக்கப் போறாளாட்டி?" என்று அவள் அப்பா கேட்பார். நானும் சேர்ந்துகொண்டு ஏசுவேன். அவள் வாயே திறக்க மாட்டாள்.

விரல் விஷயம் தொடங்கியது முந்தின வருஷத்து ஐப்பசியில். ஒரு காலை மழையில் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் பார்க்கிறேன், இரண்டு கைகளிலும் விரல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடக்கின்றன. கட்டைவிரல் மட்டும்தான் என் விரலாக இருந்தது. மற்றதைக் கிள்ளினேன், தெரியவில்லை. கடித்தேன், தெரியவில்லை. வேலைக்குப் போய் டீ டம்ளரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு நீலமாகி, அப்புறம் சிவந்து, எறும்புக் கூட்டுக்குள் கையை விட்டதுபோல் ஒரு கடி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியில் இல்லை. அந்தக் கையோடா இவ்வளவு தூரம் பிள்ளையை ஏற்றி வந்தேன் என்று நினைத்தபோது வந்தது.

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். ரத வீதிகளில் குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் பழகியவள். அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே போய் ஒரு டாக்டரம்மாவிடம் கையைக் காட்டினேன். அவர் என் விரல்களைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கச் சொல்லி, வெளுப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ரொம்பப் பயப்பட வேண்டாம்மா. குளிர் பட்டா உங்களுக்கு விரல்ல ரத்தக்குழாய் சுருங்கிருது. கையை நனைய விடாதீங்க. சூடா வச்சுக்குங்க. கிளவுஸ் போடுங்க. வண்டி ஓட்டுவீங்களா?"

"சைக்கிள் ஓட்டுவேன்."

"மழையில பின்னால யாரையும் ஏத்தாதீங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நான் ஏற்றாமல் யார் ஏற்றுவார்கள்?

வீட்டில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என்னை அறிந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். கேளுங்கள் சொல்கிறேன். அதற்கு முந்தின மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டாள். அப்போது அவள் அப்பா, "இந்த மழையில நனைஞ்சு நனைஞ்சு போக வேண்டாம். ஹாஸ்டல்ல போட்டுருவோம். அவ பாட்டுக்கு அங்க இருந்து படிக்கட்டும்" என்றார். பட்டாளத்துக்காரர். பதினெட்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவருக்கு ஹாஸ்டல் ஒரு பெரிய விஷயமா? எனக்கு ஒற்றைப் பிள்ளை. அன்றைக்கு ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. அம்மாவிடம் போனில் சொல்லி அழுதேன். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் எடுப்பார் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். கை வரவில்லை என்று நான் வாய் திறந்தால் அடுத்த வார்த்தை ஹாஸ்டல்தான் என்பது எனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும் என்று நினைத்தேன்.

அதனால் வாயை மூடிக்கொண்டு கிளவுஸ் தேடினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கத்துக் கடைக்காரர், "கிளவுஸா? கொடைக்கானல் டூராக்கா?" என்று கேட்டார். ராஜபாளையத்துக் கடையில், ஸ்கூட்டர் ஓட்டும் பெண்பிள்ளைகள் வெயிலுக்குப் போடுகிற கை உறையை எடுத்துக் காட்டினார்கள். அது சல்லடை. ஆகட்டும், நாமே தைத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். இங்கேதான் நான் கழுதையிலும் கழுதை ஆனேன்.

என் வேலையைச் சொன்னால்தான் அது விளங்கும். ஊருக்குக் கிழக்கே ஒரு பேண்டேஜ் துணி ஃபாக்டரியில் சோதனை மேசை என்னுடையது. ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு இடுக்கி, ஒரு கடிகாரம். துணியில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீர்மேல் போட வேண்டும். பத்து எண்ணுவதற்குள் அது முங்க வேண்டும். முங்கினால் பாஸ். மிதந்தால் திரும்பவும் சோடா போட்டு வேக வைக்க அனுப்பிவிடுவேன். காயத்தின் ஈரத்தைக் குடிப்பதுதான் அந்தத் துணிக்கு வேலை. பதினோரு வருஷமாக, துணி எவ்வளவு சீக்கிரம் தண்ணீரைக் குடிக்கிறது என்று எண்ணுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. என் கையெழுத்து இல்லாமல் ஒரு சுருள் வெளியே போகாது.

அந்தத் துணியில்தான் கிளவுஸ் தைத்தேன்.

வீட்டில் கிடந்த கழிவுத் துண்டுகளை நான்கு மடிப்பாக மடித்து, இடையில் வெளுத்த பஞ்சும் வைத்து, இரண்டு கைக்கும் அளவெடுத்து மிஷினில் ஓட்டினேன். போட்டுப் பார்த்தேன். மெத்தென்று, கதகதப்பாக, என்ன சுகம்! "ஏட்டி, ரெண்டு கையும் ஒடஞ்சு போச்சா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். ஹேண்டில்பார் உள்ளங்கையை அறுக்கிறது என்று ஒரு பொய் சொன்னேன். மகள் சிரிக்கவில்லை. என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நனையாதாம்மா?" என்று கேட்டாள். "எல்லாம் உங்க அம்மாவுக்குத் தெரியும்" என்றேன்.

புயல் சின்னம் வந்த வாரம் அது. காலையில் மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து எந்தெந்த மாவட்டத்துக்கு லீவு என்று பார்த்தோம். எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது, எங்கள் மாவட்டம் வரவே இல்லை. மழை பெரிதாக இல்லை. ஆனால் மலையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. மேகம் தோப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. நான் பாலிதீன் ஷீட்டைத் தலையோடு சேர்த்துப் போர்த்திக் கட்டிக்கொண்டு, கிளவுஸை மாட்டிக்கொண்டு, பெரிய வீராங்கனை மாதிரி சீட்டில் ஏறினேன். அவள் பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் புளியமரம் வருவதற்குள் கிளவுஸ் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டது. பத்து எண்ணுவதற்குள் என்றேனே, அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தது. இரண்டாவது மரத்தில் கை கனத்தது. ஈரத் துணி, அதன்மேல் மலைக்காற்று. வெறும் கையாக இருந்தால் தண்ணீர் வழிந்தாவது போயிருக்கும். இது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு விரலைச் சுற்றி இறுக்கியது. எனக்குச் சுண்டுவிரல் போனது தெரிந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. நிறுத்திவிடலாம் என்று பிரேக்கை அழுத்தினேன். அழுத்தினேன் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் இரண்டு வெள்ளைப் பொட்டலங்கள் ஹேண்டில்பார்மேல் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. அவை என் கைகளே இல்லை.

மூன்றாவது மரம் தாண்டியது.

அந்த வளைவில் வண்டி வேகம் எடுத்தது. முழங்கையால் பிரேக்கை அமுக்கப் பார்த்தேன். முன்சக்கரம் ஆடியது, உடனே எடுத்துவிட்டேன். கீழே குதிக்கலாம் என்றால் பின்னால் பிள்ளை. ரோட்டோரத்து ஓடைக்குள் விடலாம் என்றால் அது நிறையத் தண்ணீர், அதற்குள் பாறை. பாலிதீன் ஷீட் காதைச் சுற்றிப் படபடவென்று அடித்தது, வேறு ஒரு சத்தமும் கேட்கவில்லை. தென்காசி ரோட்டில் ஒரு பஸ் வடக்கே இருந்து வருவது மழைக்குள் தெரிந்தது. அதன் விளக்கு தெரிந்தது. அது நிற்காது. நாங்களும் நிற்க மாட்டோம். "அய்யனாரே, எம் பிள்ளய விட்டுரு, எம் பிள்ளய விட்டுரு" என்று வாய்விட்டுக் கத்தினேன். என் இடுப்பில் இருந்த அவள் பிடி இறுகியது. பாவி மகள், ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போது நினைத்தேன்.

டீக்கடைக்கு முன்னால் வேகம் குறைந்தது. எப்படி என்று தெரியவில்லை. இன்னும் குறைந்தது. தென்காசி ரோட்டின் விளிம்புக்கு ஒரு முழத் தூரத்தில் சைக்கிள் நின்றேவிட்டது. பஸ் எங்கள் முன்சக்கரத்துக்கு முன்னால் போனது. சேற்றுத் தண்ணீர் என் முகத்தில் அறைந்தது. வாய்க்குள் மண்.

மரத்த கையால் வண்டியைப் பிடிக்க முடியவில்லை. டீக்கடைக்காரர் ஓடி வந்து பிடித்தார். "என்ன தாயி, பிரேக்கு இல்லியா?" என்றார். மகள் இறங்கி நின்றாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

"செருப்ப எங்கட்டி?"

"தண்ணியில போயிருச்சும்மா."

உயிர் பிழைத்து வந்தவள் என்ன செய்ய வேண்டும்? பிள்ளையைக் கட்டிப் பிடிக்க வேண்டும். நான் ஏசினேன். நடுரோட்டில், டீ குடித்துக்கொண்டிருந்த நான்கு பேருக்கு முன்னால். "இது இந்த மாசத்துல மூணாவது செருப்பு! காலை அடக்கி வைக்க முடியாதா ஒனக்கு? எம்புட்டு செருப்புதான் வாங்க?" பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், பிறவிக் குணம். அவள் தலையைக் குனிந்து நின்றாள். அப்போதுதான் செருப்பில்லாத காலைப் பார்த்தேன். குதிகாலில் தோல் வழன்று ரத்தம் மழைத் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தது.

"கால்ல என்ன?"

"கல்லு தட்டிருச்சு."

டீக்கடைக்காரர் வெந்நீர் கொடுத்தார். அதில் என் கையை முக்கி உயிர் வரவழைத்த பிறகு, ஒரு கிளவுஸைப் பிரித்துப் பிழிந்து அவள் குதிகாலில் கட்டினேன். அது ரத்தத்தை அழகாகக் குடித்தது. எதற்குச் செய்த துணியோ அந்த வேலைக்குக் கடைசியில் போனது. கல் தட்டினால் பெருவிரலில் அல்லவா அடிபடும், குதிகாலில் எப்படி என்று கேட்க எனக்கு அன்றைக்கு மூளை இல்லை.

ஃபாக்டரியில் எனக்கு எதிர் மேசையில் துணி மடிக்கிற அக்கா ஒருவர் உண்டு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எல்லாரையும் அவர்கள் வழக்கப்படி அம்மாயி, அதாவது பெண்ணே, என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். மிச்சமிருந்த ஒரு கிளவுஸைக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கினார், என்னைப் பார்த்தார், என் தொட்டியைப் பார்த்தார். பிறகு கிளவுஸைத் தொட்டிக்குள் போட்டார். எண்ணினார். ஆறில் முங்கியது.

"பாஸு" என்றார். "ஏம் அம்மாயி, நாள்பூரா முங்குதா முங்குதான்னு பாக்குறவ நீ. ஒனக்கு இதுலயா கிளவுஸு?"

அங்கே வேலை செய்கிற இருநூறு பேரில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால் நான் ஒரு வாரம் சிரித்திருப்பேன். எங்களுக்குத் துணி என்றால் அது ஒன்றுதான். வீட்டில் கரித்துணியும் அதுதான், தலையணை உறையும் அதுதான், நெய் வடிகட்டுவதும் அதில்தான். கை அதன் பக்கமே போய்விடுகிறது. அந்த அக்கா எழுந்து போய்க் குடோனிலிருந்து வெளுக்காத பஞ்சு ஒரு பிடி கொண்டுவந்து அதே தொட்டியில் போட்டார். அழுக்கு நிறத்தில், விதைத் தூசியோடு, அது மிதந்தது. ஐம்பது எண்ணினோம், மிதந்தது. செத்த நேரம் கழித்து வந்து பார்த்தோம், அப்போதும் மிதந்தது.

"வேக வைக்காத பஞ்சுல மெழுகு இருக்கும் அம்மாயி. தண்ணி ஒட்டாது. இத வச்சுத் தை. மேல உரச்சாக்கப் போடு."

மேஸ்திரியிடம் கேட்டு அந்தப் பஞ்சில் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டேன். தோப்பில் கிடந்த உரச்சாக்கைக் கழுவி, முழங்கை நீளத்துக்கு இரண்டு பைகள் தைத்து, உள்ளே அந்தப் பஞ்சை வைத்து, கம்பளித் துண்டு ஒன்றை உள்ளுறையாகக் கொடுத்தேன். இந்தத் தடவை கைக்கு மாட்டவில்லை. ஹேண்டில்பாருக்கு மாட்டினேன். பிடியும் பிரேக்கும் பைக்குள் இருக்கும், நான் வெறும் கையை உள்ளே நுழைத்துக்கொள்ள வேண்டும். நனையவே நனையாது. முதல் நாள் மழையில் ஓட்டிப் பார்த்தபோது உள்ளே வியர்த்தது. சைக்கிளுக்குக் காது முளைத்துவிட்டது என்று தோப்பில் வேலை செய்தவர்கள் கேலி பண்ணினார்கள். பண்ணட்டும்.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். முதல் சில்லை மகளிடம்தான் கொடுத்தேன்.

"எதுக்கும்மா தேங்கா?"

"அன்னிக்கு வண்டிய யாரு நிப்பாட்டுனான்னு நெனச்ச? சாமிதாம்ட்டி."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேங்காயைக் கடித்தாள்.

கார்த்திகையில் மறுபடி நல்ல மழை. குதிகால் ஆறிவிட்டது, புதுச் செருப்பு. என் கைகள் பைக்குள் அடைகாத்த முட்டை மாதிரி சூடாக இருந்தன. ஒரு நாள் காலையில் கிளம்பும்போது மழை தூறலாகக் குறைந்திருந்ததால் தலைக்குப் பாலிதீன் ஷீட் போடவில்லை. காது திறந்திருந்தது. இரண்டாவது மரம், மூன்றாவது மரம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், தேவைக்கு முன்னாலேயே பத்து விரல்களாலும் பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தது! என் விரல், என் பிரேக்.

அப்போது பின்னால் சர்ர்ர் என்று ஒரு சத்தம். பிரேக் கட்டை உரசுகிறது என்று நினைத்து, பிரேக்கை விட்டுப் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை. குனிந்து பின்னால் பார்த்தேன். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு கால்கள். இரண்டு குதிகாலும் ரோட்டில் ஊன்றி, செருப்பு தேய, ரோட்டுத் தண்ணீர் இரண்டாகப் பிளந்து தெறித்துக்கொண்டிருந்தது.

வண்டியை நிறுத்தினேன்.

"என்னட்டி செய்யுத?"

வெடுக்கென்று காலைத் தூக்கிக்கொண்டாள். "ஒண்ணுமில்லம்மா."

"காலை எதுக்கு ஊனுத? சொல்லு."

"பழக்கத்துல ஊனிட்டேன்."

"என்ன பழக்கம்?"

செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள். "மழைன்னா ஒனக்குக் கை வராதுல்லா."

கையைப் பைக்குள்ளிருந்து உருவினேன். தூறல் விழுந்துகொண்டே இருந்தது.

"எப்பருந்து?"

"போன வருசத்துலருந்து. ஒரு நா நீ கைய கடிச்சுக் கடிச்சுப் பாத்தேல்ல, நான் ஸ்கூல் கேட்டுக்குள்ளருந்து பாத்தேன்."

"பொறவு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீயும் சொல்லலல்லா. ஹாஸ்டல்ல போட்டுருவாருன்னு ஆச்சிகிட்ட போன்ல அழுத. நான் முழிச்சுத்தான் கெடந்தேன்."

அந்த ரோட்டில், அந்த மரத்தடியில் நான் பயந்த மாதிரி என் ஆயுளில் பயந்ததில்லை. பஸ் வந்தபோதுகூட இல்லை. எத்தனை மழை, எத்தனை காலை! ஒரு நாள் அந்தப் பாதம் சக்கரக் கம்பிக்குள் போயிருந்தால்? பதின்மூன்று வயதுப் பிள்ளையின் குதிகால்தான் என் வண்டிக்குப் பிரேக் என்று தெரியாமல், செருப்பு தேய்கிறது என்று அவளை ஏசியிருக்கிறேன். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "எம்மா, ரோட்டுல ஆளுக பாக்காக" என்று விலக்கிவிட்டாள். இறக்கம் முழுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டே போனோம். அன்றைக்கு இரண்டு பேருக்கும் லேட்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹாஸ்டல் என்று சொல்வார், சொல்லட்டும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னேன். அவர் மோட்டார் ரூம் பக்கம் போனார். பழைய பொருள் எதையும் அவர் எறிய மாட்டார். கதவிடுக்குக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்த தேய்ந்த செருப்புகளை எடுத்து வந்து, குதிகால் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவற்றைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மழ பேஞ்சா நான் எதுக்குட்டி மோட்டாரப் போடப்போறேன்? மழ நாள்ல சும்மாதான குத்தவச்சிருக்கேன். ஒரு வார்த்த கேட்டா நான் கொண்டுபோய் விட மாட்டனா?"

கேட்கவில்லை. மழை பெய்தால் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம் என்பது மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியும். பயம் என் மூளையை எங்கே கொண்டுபோய் வைத்திருந்ததோ, எனக்குத் தெரியவில்லை. எனக்கும் மகளுக்கும், இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை.

இப்போது மழை நாளில் அவர்தான் மொபெட்டில் அவளைக் கொண்டுபோய் விடுகிறார். நான் காது முளைத்த சைக்கிளில் பின்னாலேயே இறங்குகிறேன். மொபெட்டில் பிரேக் நன்றாகவே பிடிக்கும், அவர் கையிலும் ஒரு குறையும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் மூன்றாவது புளியமரம் வந்ததும் மிதிபலகையிலிருந்து அவள் கால்கள் இரண்டும் தானாக இறங்கி, ரோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே தொங்கிக்கொண்டே போகின்றன. அவள் அப்பா அதைப் பார்த்ததில்லை. நான் சூடான கைகளால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, டீக்கடை வரும்வரை அந்த இரண்டு குதிகால்களையும் பார்த்தபடியே இறங்குகிறேன்.